விவாக விடுதலையும் துக்கக் கணக்கும்

சென்ற மாதத்தில் ஒரு ஊரில் நடந்த உபன்யாசமொன்றில், பெண்களுக்கு விவாக விடுதலை கொடுத்ததனால் குடும்பங்கள் நாசமாய்ப் போய்விட்டன என்றும், விவாகத்தை ரத்துச் செய்துகொண்டவர்கள் எல்லாம் மனம் நொந்து புலம்புகிறார்கள் என்றும், இதைத் தாம் சொன்னால் பத்தாம்பசலி என்று பரிகாசம் செய்வார்கள், ஆனால் அமெரிக்க டாக்டர்களே கணக்குப் போட்டு விவாக ரத்தின் துக்கம் நூற்றுக்கு 73 மார்க்கு என்று சொல்லிவிட்டார்களே, அதற்கு என்ன சொல்லுகிறார்கள் என்றும் ஒரு உபன்யாசகர் பேசினாராம். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நம் தோழர் ஒருவர், இதற்கு என்ன பதில் சொல்லுவது என்று நமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்.

முதலாவதாக, மநுவையும் பராசரரையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு அமெரிக்க டாக்டரின் கணக்கைக் கையிலெடுக்கும் அளவுக்கு அந்த உபன்யாசகர் வந்திருப்பதற்காக நாம் சந்தோஷப்படவேண்டியதேயாகும். கணவன் குஷ்டரோகியானாலும் கூடையில் சுமந்துகொண்டு போகவேண்டும் என்ற கதையைச் சொன்னால் இனி எந்தப் பெண்ணும் நம்பமாட்டாள் என்பது அவருக்கே தெரிந்துபோயிற்று. ஆனால் கணக்கைக் கையில் எடுத்தவர் அதை முழுவதும் படிக்க வேண்டுமா, வேண்டாமா? தனக்கு வேண்டிய ஒரு வரியை மாத்திரம் கிழித்தெடுத்துக்கொண்டு வந்து ஜனங்களுக்கு முன் நீட்டுவது புராணம் சொல்லிப் பழகிய பழக்கமே ஒழிய, கணக்குப் பார்க்கிறவனுடைய யோக்கியதை ஆகாது.

அந்த 73 என்பது எங்கிருந்து வந்தது? 1967ஆம் வருஷத்தில் அமெரிக்காவில், வாஷிங்டன் சர்வகலாசாலை மருத்துவப் பகுதியிலிருந்து தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராஹி என்ற இருவர் ஒரு ஜாபிதா வெளியிட்டார்கள். மனிதனுடைய வாழ்வில் நேரக்கூடிய 43 சம்பவங்களை எழுதி, ஒவ்வொன்றும் நேர்ந்தால் அதற்குத் தக்கபடி தன் வாழ்க்கையை ஒழுங்குபடுத்திக்கொள்ள எவ்வளவு பாடுபடவேண்டியிருக்கும் என்று 394 பேரைக் கேட்டு, அவர்கள் போட்ட எண்களிலிருந்து சராசரி எடுத்தார்கள். புருஷனோ பெண்சாதியோ செத்துப்போவதற்கு 100. விவாக ரத்துக்கு 73. பிரிந்து வாழ்வதற்கு 65. ஜெயிலுக்குப் போவதற்கு 63. இவ்வளவும் உண்மைதான். ஆனால் அதே ஜாபிதாவில் கலியாணம் செய்துகொள்வதற்கே 50 என்று போட்டிருக்கிறதே, அதை உபன்யாசகர் ஏன் விழுங்கினார்? கலியாணத்துக்கு இவ்வளவு என்று ஒரு எண்ணை முதலில் நிறுத்திக்கொண்டு, அதைப் படிக்கல்லாக வைத்துத்தான் மற்ற சம்பவங்களையெல்லாம் எடை போடச் சொன்னார்கள். அதுமட்டுமல்ல. பிரிந்த புருஷனும் பெண்சாதியும் மறுபடி ஒன்றாய்ச் சேருவதற்கு அந்த ஜாபிதாவில் 45 இருக்கின்றது. “எப்படியாவது சேர்த்து வைத்துவிடுங்கள், எல்லாம் சரியாய்ப் போய்விடும்” என்கிற பெரிய மனிதர்கள் இந்த 45ஐ நன்றாய்க் கவனிக்க வேண்டும். மாமனார் மாமியார் வகையறாத் தொந்தரவுக்கு 29. ஒருவன் தன் ஆயுளில் ஒரு பெரிய காரியத்தைச் சாதித்து ஜெயிப்பதற்கு 28. லீவு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றி வருவதற்கு 13. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு 12.

லீவில் போவது துக்கமா? ஜெயிப்பது துக்கமா? ஆகவே அந்த ஜாபிதா துக்கத்தை அளந்ததே அல்ல. நல்லதானாலும் கெட்டதானாலும் ஒரு மாறுதல் வந்தால் அதற்கு இணங்க மனிதன் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதை அளந்தது. ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகிறவன் பாத்திரம் பண்டம் சுமக்கத்தான் வேண்டும். சுமந்தான் என்பதாலேயே பழைய வீடு ஒழுகாத வீடு என்று ஆகிவிடுமா?

நிற்க. விவாகம் முறிந்தவர்களுடைய மனம் எப்படித் தேறுகிறது என்பதையே அளக்க வேண்டுமென்று தனியாகவும் ஆராய்ச்சி நடந்திருக்கின்றது. அதை நம் தோழர்கள் கொஞ்சம் விவரமாய்த் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் புரூஸ் ஃபிஷர் என்பவர் 1976இல், வடக்குக் கொலராடோ சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்குச் செய்த ஆராய்ச்சியில் இதற்கென்று ஒரு அளவுகோல் தயாரித்தார். அது வேறொன்றுமில்லை, 100 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, இது எனக்கு எப்போதும் உண்டு, பெரும்பாலும் உண்டு, சில சமயம் உண்டு, எப்போதாவது உண்டு, அநேகமாய் இல்லவே இல்லை என்ற ஐந்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒரு எண் வரும். எண் ஏற ஏற மனம் தேறியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நூறையும் ஆறு பகுதியாகப் பிரித்திருக்கிறார். தன்னைப்பற்றித் தனக்கே மதிப்பு இருக்கிறதா என்பதற்கு 25 வாக்கியம். போன உறவிலிருந்து மனம் கழன்றுகொண்டதா, அல்லது இன்னும் அவர் என்ன செய்கிறார், யாரோடு போகிறார் என்றே வட்டமிடுகிறதா என்பதற்கு 22. கோபத்துக்கு 12. துக்கத்துக்கு 24. பிறத்தியாரை நம்பி நெருங்கிப் பழக முடிகிறதா என்பதற்கு 8. நாலு பேர் நடுவில் தனக்கு ஒரு ஸ்தானம் உண்டு என்று தோன்றுகிறதா என்பதற்கு 9. ஃபிஷர் இதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. விவாகம் முறிந்தவர்களைச் சேர்த்துப் பத்து வாரம் வகுப்பு நடத்தி, வகுப்புக்கு முன் ஒருதரம், பின் ஒருதரம் அளந்து பார்க்கும் முறையையும் ஏற்படுத்தினார். அந்த அளவுகோல் பிறகு பல ஆராய்ச்சிகளில் உபயோகமாகி வந்திருக்கின்றது.

நமக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் என்னவென்றால், துக்கம் என்று ஒரே மூட்டையாய்க் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்து, இது கோபம், இது ஆசை, இது வெட்கம், இது பயம் என்று தனித்தனியாய் எடுத்து வைத்ததேயாகும். நம் ஊரில் ஒரு பெண் அழுதால், “பாவம், புருஷன் இல்லாமல் அழுகிறாள்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அவள் புருஷனுக்காகத்தான் அழுகிறாளா? பத்து வருஷம் வீணாய்ப் போயிற்றே என்ற கோபத்தில் அழுகிறாளா? நாளைக்கு அண்ணன் பெண்சாதி என்ன சொல்லுவாளோ என்று அழுகிறாளா? யாராவது அவளைக் கேட்டதுண்டா? ஜாதகத்தைக் கேட்டிருப்போம், பூசாரியைக் கேட்டிருப்போம், சாமியாடியைக் கேட்டிருப்போம். கஷ்டப்படுகிறவளையே உட்கார வைத்து, உனக்கு என்னம்மா செய்கிறது என்று நூறு விதமாய்க் கேட்கிற மரியாதையை அந்த அளவுகோல் செய்கின்றது.

ஆனால் வெள்ளைக்காரர் செய்தது என்பதற்காக அதை வேதவாக்காய் எடுத்துக்கொள்ளச் சொல்லுவதும் பகுத்தறிவாகாது. மேலே சொன்ன ஆறு பகுதிகளில், ஊர் உலகத்தைப்பற்றிய கடைசி இரண்டுக்கும் சேர்த்து நூறில் 17 வாக்கியங்கள்தான். கொலராடோவில் அது போதுமாயிருக்கலாம். நம் நாட்டில் கேள்வித்தாள் எழுதினால் அந்த 17 என்பது 70 ஆக வேண்டியிருக்கும். ஏன் எனில், இங்கே பெண்ணின் மனம் தேறாமல் போவதற்குக் காரணம் அவள் மனத்துக்குள் பாதி இருந்தால், மீதிப் பாதி தெருவில் இருக்கின்றது.

“வாழாவெட்டி” என்று நம் பாஷையில் ஒரு வார்த்தை இருக்கின்றதே, அதற்கு ஆண்பால் எங்கே? பெண்சாதியை விட்டவனுக்கோ, பெண்சாதியால் விடப்பட்டவனுக்கோ அந்த மாதிரி ஒரு பட்டம் உண்டா? அவன் “தனியாள்”. சமைத்துப்போட ஆள் இல்லையே என்று அவனுக்கு அனுதாபம். இவளோ, சொந்தக் கையால் சம்பாதித்துச் சாப்பிட்டாலும், குழந்தையைப் படிக்க வைத்தாலும், “வாழவில்லை” என்கிறது பாஷை. புருஷன் வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது மாத்திரம் “வாழ்ந்தாள்” என்கிறது. தங்கச்சியின் வளைகாப்பில் இவள் கையால் வளையல் போடக்கூடாது. மணமேடைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது. வீடு வாடகைக்குக் கேட்டால், “ஆம்பிளைத் துணை உண்டா?” என்று கேட்பான். துணை இருந்தாலோ, அது யார் என்று கேட்பான். இந்த நிலைமையில் ஒரு பெண்ணுக்கு நூறு வாக்கியத்தைக் கொடுத்து, நாலு பேர் நடுவில் உனக்கு மதிப்பு இருக்கிறதாய்த் தோன்றுகிறதா என்று கேட்டு, அவள் இல்லை என்று குறித்தால், அந்தச் சைபர் அவளுடைய மார்க்கா, நம்முடைய மார்க்கா?

பணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமே விவாகம் முறிந்தபின் ஆணைவிடப் பெண்ணின் வரும்படிதான் அதிகமாய் விழுகிறது என்று ஆராய்ச்சிக்குமேல் ஆராய்ச்சி சொல்லுகின்றது. அப்படி இருக்க, சொத்தும் சம்பளமும் இல்லாமல் கட்டிக்கொடுக்கப்பட்ட நம் பெண்ணின் கதி என்ன? நகையும் பாத்திரமும் மாமியார் வீட்டு அலமாரியில். ரேஷன் கார்டில் பேர் புருஷன் வீட்டில். குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளம் அண்ணன் தயவில். காலிப் பையினால் வருகிற கவலையையும் புருஷனைப் பிரிந்ததால் வருகிற கவலையையும் ஒரே கலயத்தில் ஊற்றிவிட்டு, பார் பார் பிரிவின் துக்கம் என்றால் அது மோசடிக் கணக்கே ஆகும்.

இனி, எப்போது அளப்பது என்ற கேள்வி. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒருவன் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிறபோது எடை பார்த்து, “ஆஸ்பத்திரிக்குப் போனதால் இளைத்துவிட்டான்” என்றால் சிரிக்கமாட்டோமா? உள்ளே போகும்போது எவ்வளவு இருந்தான் என்று பார்க்க வேண்டாமா? விவாக ரத்தைப்பற்றிப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் ரத்தான நாளிலிருந்துதான் கணக்கை ஆரம்பிக்கிறார்கள். அப்படி இல்லாமல் வருஷா வருஷம் அதே ஆட்களையே தொடர்ந்து கேட்டுவந்த கணக்குகள் உண்டு. ஜர்மனியில் 30,000 பேருக்கு மேல் 18 வருஷம் கேட்டுவந்த கணக்கை ரிச்சர்டு லூக்கஸ் என்பவர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார். விவாகம் முறியப்போகிறவர்களுடைய திருப்தி, முறிவதற்கு முன்னாலேயே, அதாவது ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும்போதே, சரிந்துகொண்டே வருகின்றது என்றும், முறிந்தபிறகு மெள்ள மெள்ள மேலே ஏறுகிறது என்றும் அது காட்டிற்று. இங்கிலாந்தில் இதே மாதிரியான ஒரு குடும்பக் கணக்கைக்கொண்டு ஜொனதன் கார்ட்னர், ஆண்ட்ரூ ஆஸ்வால்டு என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2006இல் பார்த்ததில், விவாகத்தை ரத்துச் செய்துகொண்டபிறகு மனச்சுமை முன்னிருந்ததைவிடக் குறைகிறது, அதிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே குறைகிறது என்று கண்டார்கள்.

நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் நமக்கும் உபன்யாசகருக்கும் என்ன வித்தியாசம்? ஆகையால் இதையும் சொல்லுகிறோம். லூக்கஸின் கணக்கில், ஏறின திருப்தி பழைய அளவுக்கு முழுவதும் வந்து சேரவில்லை. சராசரியில் ஒரு குறை நின்றேவிட்டது. ஆனால் இன்னொன்றும் அதில் இருக்கின்றது. பின்னால் விவாகம் முறியப்போகிறவர்கள், கலியாணத்துக்கு முன்பே, மற்றவர்களைவிடத் திருப்தி குறைந்தவர்களாய் இருந்தார்கள். எனவே குறை எல்லாவற்றையும் ரத்தின் தலையில் போடவும் முடியாது, ரத்தினால் ஒரு காயமுமில்லை என்று மார்தட்டவும் முடியாது. பிரிவு வலிக்கும். நேசித்துக் கட்டிக்கொண்டவர்களுக்கு அதிகமாகவே வலிக்கும். சுயமரியாதைக்காரனுக்கு வலிக்காது என்று நாம் எங்கும் எழுதினதில்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. விட்டவருக்கும் விடப்பட்டவருக்கும் ஒரே தேதியில் அளந்தால் கணக்குத் தப்பும். விடத் தீர்மானித்தவர் வெளியில் தெரியாமல் இரண்டு மூன்று வருஷம் அடுப்பங்கரையிலேயே அழுது தீர்த்திருப்பார். விடப்பட்டவருக்கோ வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றைக்குத்தான் அழுகை ஆரம்பம். கோர்ட்டில் ஒருவர் கல்லாய் நிற்பதையும் மற்றவர் கதறுவதையும் பார்த்து, கல்லாய் நிற்பவர் கொடியவர் என்று நினைப்பது வெறும் அறியாமையே. பல பெண்கள் இப்படிக் “கல்நெஞ்சக்காரி” பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

குழந்தைகளின் விஷயம் தனித் தலையங்கத்துக்கு உரியது. இங்கே ஒன்று மாத்திரம். பால் அமாட்டோ, புரூஸ் கீத் என்பவர்கள் 1991இல் 92 ஆராய்ச்சிகளை, 13,000 குழந்தைகளுக்கு மேற்பட்ட கணக்கை, ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்ததில், தாய் தகப்பன் பிரிந்த குழந்தைகளுக்குச் சராசரியில் கொஞ்சம் குறை இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வித்தியாசம் உபன்யாசங்களில் ஊதுகிற அளவுக்குப் பெரியதாயில்லை. பிரியாமல் தினமும் சண்டை போட்டுக்கொண்டே இருந்த வீட்டுக் குழந்தைகளின் நிலைமையும் அதில் நன்றாயில்லை. சட்டி பறக்கிற வீட்டில் வளருவதைத்தான் “குடும்பச் சூழ்நிலை” என்கிறோமா?

அளவுகோலில் இன்னொரு பெரிய ஓட்டை உண்டு. உயிரோடு இருக்கிறவர்கள்தான் கேள்வித்தாளை நிரப்ப முடியும். விடுதலை கிடைக்காமல் கிணற்றில் விழுந்தவளிடம் யார் போய் ஐந்தில் ஒன்றைக் குறிக்கச் சொல்லுவது? அமெரிக்காவில் 1970இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்து, குற்றம் ருசுப்படுத்தாமலேயே ஒருவர் கேட்டால் விவாகத்தை ரத்துச் செய்துகொள்ளலாம் என்ற சட்டம் மாகாணம் மாகாணமாய்ப் பரவியது. அப்படிச் சட்டம் வந்த மாகாணங்களை வராத மாகாணங்களோடு பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் உல்ஃபர்ஸ் என்ற இருவர் ஒத்துப் பார்த்து 2006இல் எழுதியதில், பெண்களின் தற்கொலை நூற்றுக்கு 8 முதல் 16 வரை குறைந்ததாகவும், வீட்டுக்குள் நடக்கும் அடிதடி நூற்றுக்குச் சுமார் 30 குறைந்ததாகவும் தெரிந்தது. அடிதடி குறைந்ததில் ஆண்கள் வாங்கின அடியும் சேர்ந்தது என்பதை ஆண் தோழர்கள் கவனிக்க. விடுதலையை உபயோகித்தவர்களுக்கு மாத்திரமல்ல, கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததனாலேயே உள்ளே இருந்தவர்களுக்கும் மரியாதை கிடைத்தது என்று இதற்கு அர்த்தம். நம் இந்தியாவில் 2021ஆம் வருஷத்தில் மட்டும் தற்கொலை செய்துகொண்ட குடும்பப் பெண்கள், சர்க்கார் கணக்குப்படியே, 23,000க்கு மேல். இதில் அத்தனையும் புருஷனால் என்று சொல்ல நாம் தயாராயில்லை. ஆனால் இத்தனை பேரில் ஒருவர்கூட உபன்யாசகரின் 73 மார்க்கில் சேரவில்லை என்பது நிச்சயம்.

நம் நாட்டுச் சட்டத்தின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில், ஆணோ பெண்ணோ விரும்பினால் விவாக பந்தத்தை நீக்கிக்கொள்ள உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது, நம்மை ஊரைக் கெடுக்க வந்தவர்கள் என்றார்கள். பெரியார் ‘குடி அரசி’ல் கல்யாண விடுதலை என்று தலைப்பிட்டே எழுதினார். சென்னை மாகாணத்தில் 1949இல் சட்டம் வந்தது. இந்தியா முழுவதற்கும் 1955இல் இந்து விவாகச் சட்டம் வந்தது. அதிலுங்கூடக் கொடுமைப்படுத்தினான் என்பது விவாகத்தை ரத்துச் செய்யக் காரணமாகச் சேர்ந்தது 1976இல்தான். அதாவது 21 வருஷம், அடிபட்டவள் தனியாய் வாழ அனுமதி வாங்கலாமே தவிர, அடித்தான் என்ற அந்த ஒரு காரணத்தை மட்டும் காட்டி நேரே விடுதலை வாங்க முடியாது! இருவரும் சம்மதித்துப் பிரிவதும் 1976இல்தான் வந்தது. அதற்கும் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மனுப்போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் கட்டாயமல்ல, கோர்ட்டார் தள்ளிவிடலாம் என்று 2017இலும், அடியோடு முறிந்துபோன விவாகத்தைத் தாமே ரத்துச் செய்யத் தமக்கு அதிகாரம் உண்டு என்று 2023இலும் சுப்ரீம் கோர்ட்டார் சொன்னார்கள். சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போக ரயில் சார்ஜ் உள்ளவர்களுக்கு அது சௌகரியந்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாஸ்திரம் தெரியாத “கீழ்ஜாதி” என்று இவர்கள் ஒதுக்கின பல சமூகங்களில் பஞ்சாயத்து முன் துரும்பைக் கிள்ளிப் போட்டுத் தீர்த்துக்கொண்டு, வேறு கலியாணம் செய்துகொண்டு மானமாய் வாழ்கிற வழக்கம் முன்பே இருந்தது. வழக்கப்படியான அந்தத் தீர்வையை 1955ஆம் வருஷத்துச் சட்டமே ஒப்புக்கொள்ளுகின்றது. பணம் வந்து, மேல்ஜாதி ஆசாரத்தைக் காப்பியடிக்க ஆரம்பித்தபிறகுதான் அவர்கள் வீட்டிலும் “வாழாவெட்டி” வந்து உட்கார்ந்தாள்.

2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், விவாகம் ரத்தானவர்கள் இந்தியாவில் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம் பேர். ரத்தும் ஆகாமல், சேர்ந்தும் வாழாமல், வெறுமனே பிரிந்திருப்பவர்கள் அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். இரண்டிலும் பெண்களே அதிகம். இந்தப் பிரிந்திருப்பவர்கள்தான் நம்மைக் கவலைப்பட வைக்கிறவர்கள். விடுதலையானவளுக்காவது ஒரு காகிதம் இருக்கிறது. இவள் நாளைக்குக் கூப்பிடுவானா, மாட்டானா என்று கழுத்தில் தாலியும் கையில் ஒன்றுமில்லாமலும் உட்கார்ந்திருக்கிறாள். ஃபிஷரின் ஆறு பகுதியில், போன உறவிலிருந்து மனம் கழன்றதா என்று கேட்கிற 22 வாக்கியத்துக்கு இவள் என்ன பதில் சொல்லுவாள்? உறவு போயிற்றா, இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியாதே.

நாம் மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடக்கூடாது. சில வருஷங்களுக்கு முன், நம் இயக்கத்தார் தலைமையில் சுயமரியாதைக் கலியாணம் செய்துகொண்ட ஒரு பெண், இனி அந்த வீட்டில் இருக்க முடியாது என்று தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். தோழர்கள் மூன்று பேர் போய் உட்கார்ந்தோம். இதை எழுதுகிறவனும் அதில் ஒருவன். இரண்டு நாள் பேசினோம். என்ன பேசினோம்? “சுயமரியாதைக் கலியாணம் இரண்டே வருஷத்தில் முறிந்துவிட்டது என்று எதிரிகள் கைகொட்டிச் சிரிப்பார்களே, அம்மா, கொஞ்சம் பொறுத்துப்போ” என்று பேசினோம். தாலி இல்லாத கலியாணத்துக்கு நாமே தாலியாய்ப் போய் அவள் கழுத்தில் தொங்கினோம். அவளும் பெரியவர்கள் சொல்லுகிறார்களே என்று போனாள். பதினாலு மாதம் கழித்துக் கைக்குழந்தையோடும் கட்டுப்போட்ட மணிக்கட்டோடும் திரும்பி வந்தாள். இந்தத் தடவை அவள் நம்மை யாரையும் கூப்பிடவில்லை.

போன தை மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். ஒரு தையற்கடையில் வேலை செய்கிறாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, “ராத்திரி தூங்குகிறேன், அண்ணே” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். மனச்சுமையை அளக்க உலகம் முழுவதும் உபயோகிக்கிற 12 கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. மேலே சொன்ன இங்கிலாந்துக்காரர்கள் உபயோகித்ததும் அதுதான். 1999இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் அதைத் தமிழிலும் போட்டு, நம் ஜனங்களுக்குப் பொருந்துகிறதா என்று சோதித்திருக்கிறார்கள். கவலையால் தூக்கம் கெட்டதா என்பது அதில் ஒரு கேள்வி. நாம் மூன்று பேரும் இரண்டு நாள் பேசினோமே, அவள் தூங்குகிறாளா என்று ஒருவனாவது கேட்கவில்லை.

ஆகவே உபன்யாசகருக்கு நாம் சொல்லுவது இதுதான். அந்தப் 12 கேள்விகளைத் தாராளமாய் எடுத்துவரட்டும். விவாக விடுதலை பெற்றவர்களிடம் கொடுக்கட்டும். அதே நாளில், அவருடைய உபன்யாசத்துக்கு வந்து முன்வரிசையில் மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிற அம்மாமார்களிடமும், புருஷன் பக்கத்தில் இல்லாதபோது, பேர் எழுதாமல் நிரப்பித் தரும்படி கொடுக்கட்டும். இரண்டையும் சேர்த்து அவரே கூட்டிச் சொல்லட்டும். நாம் அச்சுப்போட்டு வெளியிடத் தயார்.

நம் தோழர்கள் செய்ய வேண்டியதோ வேறு. நம் தலைமையில் நடக்கிற கலியாணங்களை 2009ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ரிஜிஸ்தர் செய்வதோடு கடமை தீர்ந்தது என்று போய்விடுகிறோம். பெண்ணுக்கு அவள் வீட்டார் கொடுத்த நகை, பாத்திரம், பணம் அவளுக்கே முழுச் சொந்தம் என்று 1985இலேயே சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொல்லியிருந்தும், பிரிகிற நாளில் இன்னது கொடுத்தது என்று காட்ட அவள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருப்பதில்லை. இனிமேல் நம் மேடைகளில் நடக்கும் ஒவ்வொரு கலியாணத்திலும் அப்படி ஒரு ஜாபிதா எழுதி, இரு பக்கத்தாரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதி பெண்ணிடமே கொடுக்கப்பட வேண்டும். பாங்கிக் கணக்கு அவள் பேரிலேயே இருக்க வேண்டும். கலியாணத்துக்குத் தலைமை வகித்த தோழர், பின்னால் அந்தப் பெண் பிரிந்து வந்தால் சமாதானம் பேசப் போகாமல், முதலில் அந்த ஜாபிதாவிலுள்ள சாமான்களை வாங்கிக் கொடுக்கப் போக வேண்டும். அவளைத் தன் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டு முன்னால் நிறுத்த வேண்டும். “வாழாவெட்டி” என்ற வார்த்தை இந்தப் பத்திரிகையில், கண்டிக்கிற இடத்தில் தவிர, இனி அச்சாகாது. ஜாபிதாவின் மாதிரி அடுத்த வாரத்து இதழில் வெளியாகும். கிளைச் சங்கங்கள் வேண்டிய பிரதிகளுக்குக் காரியாலயத்துக்கு எழுதலாம்.